புதுக்கோட்டையின் நாளைய பேருந்து: பொதுப் போக்குவரத்துக் கனவுகளின் வரலாறு

முன்னுரை

பறக்கும் கார், குழாய்க்குள் பாயும் ரயில், ஓட்டுநர் இல்லாத பேருந்து என்று நாளைய போக்குவரத்தைப் பற்றிய கற்பனைகளுக்குப் பஞ்சம் இல்லை. இவை பெரும்பாலும் பெருநகரங்களை மனத்தில் வைத்தே எழுதப்படுகின்றன. புதுக்கோட்டை போன்ற ஊர்களுக்கு எதிர்காலம் எப்படி வரும் என்று கேட்பவர்கள் குறைவு. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மாவட்டத்தின் மக்கள்தொகை 16 லட்சத்துக்கு மேல். புதுக்கோட்டை நகரில் வாழ்ந்தவர்கள் ஏறத்தாழ 1 லட்சத்து 17 ஆயிரம் பேர். அதாவது, பத்தில் ஒன்பது பேருக்கு மேல் நகருக்கு வெளியே இருப்பவர்கள். மருத்துவமனைக்கும் கல்லூரிக்கும் ஆட்சியர் அலுவலகத்துக்கும் அவர்கள் வந்து சேர்வது பேருந்தை நம்பித்தான். 1912இல் அமைந்த புதுக்கோட்டை நகராட்சி 2024இல் மாநகராட்சி ஆகிவிட்டது. மாநகராட்சிக்கு ஏற்ற பொதுப் போக்குவரத்து எது என்ற கேள்வி இப்போது நம் முன் நிற்கிறது. அதற்கு விடை தேட, இந்த மண்ணில் முன்பு எதிர்காலம் எந்தெந்த உருவில் வந்தது என்று பார்ப்பது பயன்தரும்.

நேர்கோட்டு வீதிகள்

புதுக்கோட்டை நகரைச் சுற்றிப் பார்ப்பவர்கள் முதலில் கவனிப்பது அதன் வீதிகளை. அரண்மனையைச் சுற்றி ராஜ வீதிகள். அவற்றுக்கு இணையாக அடுத்தடுத்த வீதிகள். குறுக்கே நேராக வெட்டும் தெருக்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏற்பட்ட தீ விபத்துக்குப் பின், விஜயரகுநாதராயத் தொண்டைமான் காலத்தில், ஆங்கிலேய ரெசிடென்டாக இருந்த மேஜர் பிளாக்பர்னின் ஆலோசனையோடு நகரம் இவ்வாறு திருத்தி அமைக்கப்பட்டது. பின்னர் 1878 முதல் 1894 வரை நிர்வாகத்தை நடத்திய திவான் அ. சேஷையா சாஸ்திரி குளங்களையும் சாலைகளையும் பொதுக் கட்டடங்களையும் சீரமைத்தார்.

அன்று அந்த வீதிகளில் ஓடியவை மாட்டு வண்டிகளும் குதிரை வண்டிகளும்தான். மோட்டார் வாகனம் என்ற ஒன்று உலகிலேயே இல்லாத காலத்தில் போடப்பட்ட வீதி, இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகும் பேருந்தைத் தாங்குகிறது. எதிர்காலத்தைச் சரியாக ஊகிக்காவிட்டாலும், அதற்கு இடம் விட்டுவைத்தால் போதும் என்பதற்கு இது ஒரு சான்று. இன்று அந்த இடத்தை நிறுத்தி வைக்கப்பட்ட இருசக்கர வாகனங்களும் கடைகளின் நீட்சிகளும் பிடித்துக்கொண்டிருக்கின்றன என்பது வேறு செய்தி.

ரயிலுக்கு முன் வந்த பேருந்து

திருச்சிராப்பள்ளிக்கு 1860களிலேயே ரயில் வந்துவிட்டது. ஆனால் தனிச் சமஸ்தானமாக இருந்த புதுக்கோட்டைக்குத் திருச்சியிலிருந்து ரயில் வந்தது 1929இல்தான். அடுத்த ஆண்டு அந்தப் பாதை மானாமதுரை வரை நீண்டது. இடைப்பட்ட காலத்தில் வெளியூர் செல்ல வேண்டியவர்களுக்கு வழி காட்டியது மோட்டார் பேருந்து. திருக்குறுங்குடியில் 1877இல் பிறந்த டி. வி. சுந்தரம் ஐயங்கார், 1910களின் தொடக்கத்தில் பேருந்துத் தொழிலில் இறங்கினார். தஞ்சாவூர்–புதுக்கோட்டைத் தடம் அவருடைய தொடக்ககாலத் தடங்களில் ஒன்று. ரயிலுக்கு முன்பே பேருந்தைக் கண்ட ஊர்களின் வரிசையில் புதுக்கோட்டை இவ்வாறு இடம்பெறுகிறது.

ரயில் வரும் வரை காத்திருக்காமல் மோட்டாருக்குத் தாவியதை இன்றைய மொழியில் ஒரு தொழில்நுட்பப் பாய்ச்சல் எனலாம். தரைவழித் தொலைபேசியைக் கண்டிராத கிராமங்கள் நேரடியாகக் கைப்பேசிக்கு மாறியதைப் போன்றது அது. ஆனால் டி.வி.எஸ். பேருந்துகளைப் பற்றி மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்து முதியவர்கள் சொன்னது எஞ்சினைப் பற்றி அல்ல. “டி.வி.எஸ். பஸ் போவதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளலாம்” என்பதுதான் அந்தப் பேச்சு. பயணிகள் நினைவில் நின்றது நேரந்தவறாமை.

கோயம்புத்தூர்ப் பக்கத்தில் ஜி. டி. நாயுடு 1920இல் ஒரே ஒரு பேருந்தோடு பொள்ளாச்சி–பழனித் தடத்தில் தொழிலைத் தொடங்கிப் பெரும் நிறுவனமாக வளர்த்ததும் இதே காலத்துக் கதை. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் கிடைக்காமல் போனபோது, கரியை எரித்து வரும் வாயுவால் பேருந்தை ஓட்டும் கருவியை டி.வி.எஸ். நிறுவனம் தயாரித்தது. மாற்று எரிபொருள் என்று இன்று நாம் பேசுவதைத் தேவையின் நெருக்கடியில் அன்றே செய்து பார்த்திருக்கிறார்கள்.

யார் ஏறலாம்?

பொதுப் போக்குவரத்தின் வரலாற்றில் வண்டியைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: அதில் யார் ஏறலாம்? இந்தக் கேள்வி வண்டியோடு கூடவே பிறந்தது. கணித மேதை பிளேஸ் பாஸ்கல் 1662இல் பாரிஸ் நகரில் ஒரு குதிரை வண்டிச் சேவையைத் தொடங்கக் காரணமாக இருந்தார். குறித்த தடம், குறித்த நேரம், ஐந்து சோல் என்ற ஒரே கட்டணம். ஆள் நிறைந்தாலும் நிறையாவிட்டாலும் வண்டி புறப்படும். இன்றைய நகரப் பேருந்தின் இலக்கணம் முழுவதும் அதில் இருந்தது. ஆனால் படைவீரர்கள், ஏவலர்கள், உழைப்பாளிகள் ஏறக்கூடாது என்று நகரின் உயர் மன்றம் விதித்தது. சில ஆண்டுகளில் சேவை நலிந்து, மறைந்தது. அதே எண்ணம் மீண்டும் பிரான்சில் உயிர்பெற 1820கள் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அப்போது எல்லோரும் ஏறலாம் என்ற விதியோடு வந்தது, அதனால் நிலைத்தது.

நம் பக்கத்திலும் இதே கேள்வி எழுந்தது. புதுக்கோட்டைக்குத் தெற்கே ராமநாதபுரம் மாவட்டத்தில், தனியார் பேருந்துகள் சில தாழ்த்தப்பட்ட மக்களை ஏற்ற மறுத்தன. அந்த மாவட்டக் கழகத்தின் தலைவராக இருந்த டபிள்யூ. பி. ஏ. சௌந்தரபாண்டியன், அவ்வாறு மறுக்கும் பேருந்துகளின் உரிமம் ரத்தாகும் என்று உத்தரவிட்டார். இது 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் நடந்தது. பேருந்து மாறவில்லை, சாலை மாறவில்லை. ஓர் உத்தரவு மாறியது. அந்த ஓர் உத்தரவால் பல்லாயிரம் பேருக்குப் புதிய காலம் தொடங்கியது.

1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் பேருந்துகளுக்குத் தட அனுமதி முறையைக் கொண்டுவந்தது. சுதந்திரத்துக்குப் பின், 1948 மார்ச் 3 அன்று புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தோடு இணைந்து திருச்சி மாவட்டத்தின் பகுதியானது. 1970களின் தொடக்கத்தில் பேருந்துத் தடங்கள் அரசுடைமை ஆயின. 1972இல் பல்லவன், பாண்டியன், சேரன், சோழன் என்று போக்குவரத்துக் கழகங்கள் பிறந்தன. பின்னாளில் மருது பாண்டியர், தீரன் சின்னமலை என்ற பெயர்களும் இந்த வட்டாரத்தில் ஓடின. 1997இல் அந்தப் பெயர்கள் நீக்கப்பட்டு, எல்லாம் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் என்று ஆயின. இன்று புதுக்கோட்டை மண்டலம் அதன் கும்பகோணம் கோட்டத்தில் அடங்கும். புதுக்கோட்டை தனி மாவட்டமானது 1974 ஜனவரி 14இல். மாவட்டத் தலைநகர் ஆனதும் எல்லாத் தடங்களும் அந்நகரை நோக்கித் திரும்பின.

மிதிவண்டியில் வந்த எதிர்காலம்

இந்த மாவட்டத்தின் போக்குவரத்து வரலாற்றில் உலகமே திரும்பிப் பார்த்த நிகழ்வு பேருந்தில் நடக்கவில்லை; மிதிவண்டியில் நடந்தது. 1991இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டும் பயிற்சியையும் பெண்களுக்கு இயக்கம் சேர்த்துக்கொடுத்தது. விவசாயக் கூலிகள், கல்குவாரித் தொழிலாளர்கள், அங்கன்வாடி ஊழியர்கள், ஆசிரியைகள் என்று ஆயிரக்கணக்கான பெண்கள் கற்றுக்கொண்டனர். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதைப் பற்றி விரிவாக எழுதினார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப் பெண்கள் சைக்கிள் ஓட்டத் தொடங்கியதாக அவர் பதிவு செய்தார்.

அதில் கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. பெண்களுக்கான சைக்கிள் போதிய அளவு கிடைக்காததால் பலர் ஆண்கள் சைக்கிளையே ஓட்டினர். முன்கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பதால் சிலர் அதையே விரும்பவும் செய்தனர். தண்ணீர் எடுக்க, விளைபொருளை விற்க, பிள்ளையைப் பள்ளியில் விட, வேலைக்குப் போக என்று ஒரே பயணத்தில் பல வேலைகள் முடிந்தன. பேருந்துக்காகக் காத்திருந்து இழந்த நேரம் அவர்கள் கைக்கே திரும்பி வந்தது.

அறிவொளி இயக்கத்தின் சைக்கிள் நமக்குச் சொல்லும் பாடம், பேருந்து தேவையில்லை என்பதல்ல. பேருந்து எங்கே தவறியது என்பதை அது காட்டியது. காலையில் நகருக்குப் போய் மாலையில் திரும்பும் அலுவலரின் பயணத்தை வைத்துத்தான் கால அட்டவணைகள் உருவாகின்றன. ஒரு பெண்ணின் நாள் அப்படி அமைவதில்லை. ரேஷன் கடை, சந்தை, சுகாதார நிலையம், பள்ளி என்று சிறு சிறு பயணங்களாக அது உடைந்து கிடக்கிறது. அந்தப் பயணங்களுக்கு நேரம் ஒதுக்காத அட்டவணையில் எத்தனை புதிய பேருந்துகளைச் சேர்த்தாலும் குறை தீராது.

2021 மே மாதம் நடைமுறைக்கு வந்த பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணத் திட்டத்தை இதன் தொடர்ச்சியாகப் பார்க்கலாம். விடியல் பயணம் என்று பெயர் பெற்ற இத்திட்டத்தால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாவதாக மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு தெரிவித்தது. இங்கும் வண்டி பழையதுதான், விதி புதியது. ஆனால் சாதாரணக் கட்டணப் பேருந்து வராத ஊரில் இந்தச் சலுகைக்குப் பொருள் இல்லை. கட்டணம் போனபின் மிஞ்சி நிற்கும் கேள்வி, வண்டி எத்தனை மணிக்கு வரும் என்பதே.

பெருநகரக் கனவுகள்: நிலைத்தவையும் நின்றவையும்

இனி, வெளியுலகின் கனவுகளைச் சற்றுப் பார்ப்போம். 1900இல் பாரிஸ் கண்காட்சியில் நகரும் நடைபாதை ஒன்று அமைக்கப்பட்டது. மக்கள் ஏறி நின்றால் போதும். பாதையே அவர்களைக் கொண்டு செல்லும். வருங்கால நகரங்கள் எல்லாம் இப்படித்தான் இருக்கும் என்று அன்று பலர் நம்பினர். இன்று அது விமான நிலையங்களிலும் பெரிய ரயில் நிலையங்களிலும் ஒரு மூலையில் இருக்கிறது. மறுபுறம், 1901இல் ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில் ஆற்றுக்கு மேலே தொங்கியபடி ஓடத் தொடங்கிய ரயில் இன்றும் ஓடுகிறது. நெருக்கமான பள்ளத்தாக்கில் வேறு இடம் இல்லாததால் அமைந்தது அது. அந்த ஊருக்கு அது பொருந்தியது, அதனால் நிலைத்தது.

இந்தியாவின் முதல் மின்சார டிராம் 1895இல் சென்னையில் ஓடியது. அக்காலத்தில் அது வியப்புக்குரிய புதுமை. 1953இல் நின்றுவிட்டது. கோவாவின் மட்காவில் கொங்கண் ரயில்வே நிறுவனம் சோதித்த தொங்கு ரயில், 2004இல் சோதனையின்போது விபத்துக்குள்ளாகி ஓர் ஊழியர் உயிரிழந்தார். திட்டம் பின்னர் கைவிடப்பட்டது. சென்னையின் பறக்கும் ரயில் 1995இல் கடற்கரைக்கும் சேப்பாக்கத்துக்கும் இடையே தொடங்கியது. அதன் நிலையங்களுக்கும் பேருந்து நிறுத்தங்களுக்கும் சரியான இணைப்பு இல்லை என்ற குறை நெடுங்காலம் பேசப்பட்டது. இப்போது சென்னை ஐ.ஐ.டி.யின் தையூர் வளாகத்தில் ஹைப்பர்லூப் சோதனைப் பாதை 400 மீட்டருக்கு மேல் அமைந்திருக்கிறது. ஆராய்ச்சி என்ற அளவில் பெருமைக்குரியது. ஆனால் கறம்பக்குடியிலிருந்து கல்லூரிக்குப் போகும் மாணவிக்கு அதனால் கிடைப்பது என்ன என்று கேட்பதும் நியாயமே.

சிற்றூர்களுக்கு ஏற்ற முன்மாதிரிகள்

பெரிய எந்திரம் இல்லாமலே போக்குவரத்தை மாற்றிய முன்மாதிரிகளும் உலகில் உள்ளன. பிரேசிலின் குரிடிபா நகரம் 1974இல் சுரங்க ரயிலுக்குப் பதிலாகப் பேருந்துக்கென்று தனிப்பாதை ஒதுக்கியது. செலவு பல மடங்கு குறைந்தது. நம் நாட்டில் அகமதாபாத் 2009இல் அந்த வழியில் சென்றது.

புதுக்கோட்டைக்கு மிகவும் நெருக்கமான முன்மாதிரி சுவிட்சர்லாந்து என்று தோன்றும். மலைநாட்டின் சிற்றூர்களை இணைக்க அவர்கள் 1982இல் ஒரு முறையைக் கொண்டுவந்தனர். ஒவ்வொரு தடத்திலும் மணிக்கொரு முறை, அதே நிமிடத்தில் வண்டி வரும். ஒரு சந்திப்புக்கு எல்லாத் திசைகளிலிருந்தும் வண்டிகள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்து சேரும். சில நிமிடங்கள் நிற்கும். பயணிகள் மாறி ஏறிக்கொண்டதும் எல்லாம் ஒன்றாகப் புறப்படும். இதற்குத் தேவைப்பட்டது முதலில் ஒரு தாளும் பென்சிலும்தான். தண்டவாளங்களைப் பின்னர் அந்த அட்டவணைக்கு ஏற்பத் திருத்தினார்கள்.

புதுக்கோட்டையின் வரைபடத்தைப் பாருங்கள். திருச்சி, தஞ்சாவூர், அறந்தாங்கி, ஆலங்குடி, காரைக்குடி, பொன்னமராவதி, இலுப்பூர் என்று ஒரு சக்கரத்தின் ஆரக்கால்கள்போலச் சாலைகள் பிரிகின்றன. திருச்சியும் தஞ்சாவூரும் ஐம்பது அறுபது கி.மீ. தொலைவுக்குள், ஆலங்குடி சுமார் 20 கி.மீ. ஒரே நேரத்தில் வந்து ஒன்றாகப் புறப்படும் முறைக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு எளிதில் கிடைக்காது.

அடுத்தது படிக்கட்டு. வழக்கமான பேருந்தின் தளம் தரையிலிருந்து 90 செ.மீ. அளவில் உயர்ந்திருக்கும். முழங்கால் வலியுள்ள முதியவருக்கும் கருவுற்ற பெண்ணுக்கும் அது ஒரு சுவர். சக்கர நாற்காலியில் வருபவருக்கு அது மூடிய கதவு. தாழ்தளப் பேருந்தில் அந்த உயரம் 40 செ.மீ. அளவுக்குக் குறைகிறது, நிறுத்தத்தில் வண்டி பக்கவாட்டில் சாய்ந்தும் கொடுக்கும். சென்னையில் 2024இல் இவை மீண்டும் ஓடத் தொடங்கின. 2025 ஜூன் இறுதியில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 தாழ்தள மின்சாரப் பேருந்துகள் புறப்பட்டன. ஒருமுறை மின்னேற்றினால் ஏறத்தாழ 200 கி.மீ. ஓடக்கூடிய வண்டிகள் நம் மாவட்டத் தடங்களின் தொலைவுக்குப் போதுமானவை.

பேருந்து புகாத கிராமங்களுக்குச் சிற்றுந்து. 1997இல் தமிழ்நாட்டில் மினி பஸ் திட்டம் வந்தது. 2025இல் தட நீளம் 25 கி.மீ. வரை என்ற புதிய விதிகளோடு அது விரிவாக்கப்பட்டது. ஹெல்சிங்கி நகரில் 2012 முதல் 2015 வரை, கைப்பேசியில் அழைத்தால் வரும் சிற்றுந்துச் சேவையைச் சோதித்தார்கள். மக்கள் விரும்பினார்கள், ஆனால் செலவு தாங்காமல் நிறுத்தினார்கள். அழைத்தால் வரும் வண்டி இனிமையான கனவு. அதைவிடக் குறைந்த செலவில் நடப்பது, சொன்ன நேரத்துக்கு வரும் வண்டி.

நாளைய புதுக்கோட்டை: ஒரு கற்பனை

இவற்றையெல்லாம் சேர்த்து, ஒரு பதினைந்து ஆண்டுகளுக்குப் பிந்தைய நாளைக் கற்பனை செய்து பார்க்கலாம்.

காலை 7.50. ஆலங்குடி, அறந்தாங்கி, கீரனூர், திருமயம், கந்தர்வகோட்டைப் பேருந்துகள் புதுக்கோட்டைப் பேருந்து நிலையத்துக்குள் அடுத்தடுத்து நுழைகின்றன. எட்டு மணிக்கு எல்லாம் மீண்டும் புறப்படும். ஒன்பது மணிக்கும் பத்து மணிக்கும் இதேதான். இரவு ஒன்பது வரை இதேதான். மனப்பாடம் செய்ய ஒரு நிமிட எண் போதும். கைப்பேசி இல்லாத பாட்டிக்கும் இது தெரிந்திருக்கும்.

நகர வட்டத் தடத்தில் சிறிய மின்சாரப் பேருந்து பத்து நிமிடத்துக்கு ஒன்று. பழைய, புதிய பேருந்து நிலையங்கள், ரயில் நிலையம், ராணியார் மருத்துவமனை, ஆட்சியர் அலுவலகம், தஞ்சாவூர் சாலையில் முள்ளூரில் 2017இல் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஆகியவற்றை அது இணைக்கும். மருத்துவமனை ஊருக்கு வெளியே போனபோது நோயாளியின் ஆட்டோச் செலவும் கூடவே போனது. அந்தச் செலவை இந்த வண்டி மிச்சப்படுத்தும்.

ரயிலிலிருந்து இறங்குபவர் அதே பயணச்சீட்டில் சிற்றுந்தில் ஏறுவார். சென்னையில் 2025 செப்டம்பரில் வந்த சென்னை ஒன் செயலி, பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே சீட்டைக் கொண்டுவந்துவிட்டது. மாவட்டத் தலைநகரங்களுக்கு அது வராமல் இருக்கக் காரணம் இல்லை.

ஊராட்சி நிறுத்தங்களில் நிழற்குடை, குடிநீர், இரவு விளக்கு, கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் கால அட்டவணை. பக்கத்தில் சைக்கிள் நிறுத்தச் சிறு கொட்டகை. அறிவொளிக் காலத்துப் பெண்களின் பேத்திகள் வீட்டிலிருந்து இரண்டு மூன்று கி.மீ. சைக்கிளில் வந்து, பூட்டி வைத்துவிட்டுப் பேருந்தில் ஏறுவார்கள்.

இந்தக் கற்பனையில் வானத்தில் பறக்கும் பொருள் எதுவும் இல்லை. இதில் சொன்ன ஒவ்வொன்றும் உலகில் எங்கோ ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது. தேவை ஓட்டுநர்கள், நடத்துநர்கள், உதிரி வண்டிகள், முறையான பராமரிப்பு, அவற்றுக்குரிய நிதி. ஒன்றாகப் புறப்படும் முறையில் ஒரு வண்டி பழுதாகி நின்றால் பத்து தடங்களின் இணைப்பு அறும். ஆகவே மாற்று வண்டி தயாராக நிற்க வேண்டும், அது செலவுதான். அந்தச் செலவை நட்டம் என்று எழுதுவதா, பள்ளிக்கூடத்துக்குச் செய்யும் செலவைப்போல் எழுதுவதா என்பதை அரசும் மக்களும் முடிவு செய்ய வேண்டும்.

முடிவுரை

பள்ளிகளில் நீண்ட நாள் பணியாற்றியவர்கள் வருகைப் பதிவேட்டை வைத்தே ஊரின் பேருந்து நிலையைச் சொல்லிவிடுவார்கள். தடம் நின்ற வாரத்தில் எந்தெந்தப் பெயர்களுக்கு எதிரே விடுப்பு விழுகிறது என்பது அதில் தெரியும். முதலில் விழுவது பெரும்பாலும் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புப் பெண் பிள்ளைகளின் பெயர்கள். மாலைச் சிறப்பு வகுப்பு முடிந்து திரும்பப் பேருந்து இல்லையென்றால், வீட்டில் சிறப்பு வகுப்பை நிறுத்தச் சொல்வார்கள். பிறகு பள்ளியையே நிறுத்தவும் கூடும்.

தஞ்சாவூர்ச் சாலையில் வந்த முதல் மோட்டார் பேருந்து, ராமநாதபுரத்தில் பிறந்த ஓர் உத்தரவு, அறிவொளிப் பெண்களின் சைக்கிள், கட்டணமில்லாப் பயணம் ஆகியவை நூறாண்டுகளில் இந்தப் பகுதிக்கு வந்த எதிர்காலங்கள். இவற்றில் எந்திரத்தால் வந்தவற்றைவிட விதியாலும் துணிவாலும் வந்தவை அதிகம். மாநகராட்சி ஆகிவிட்ட புதுக்கோட்டை அடுத்த போக்குவரத்துத் திட்டத்தை எழுதும்போது, சிறப்பு வகுப்பு முடியும் நேரத்துக்குப் பின் கிராமங்களுக்குச் செல்லும் கடைசி நடைகளின் பட்டியலை முதல் பக்கத்தில் வைத்துத் தொடங்கலாம்.